காகித அன்னமும் கணித அறிவும்



சதுரமான ஒரு தாளை எடுத்து ஏழெட்டு முறை மடித்தால் ஓர் அன்னம் பிறக்கிறது. கத்தரிக்கோல் வேண்டுவதில்லை, பசை வேண்டுவதில்லை, காசும் வேண்டுவதில்லை. எழுதிக் கழித்த தாள் ஒன்றும் பத்து விரல்களும் இருந்தால் போதும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தச் சிறு விளையாட்டின் வரலாறே ஆகும். காகிதப் பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். உண்டு. அவ்வரலாற்றின் சிறந்த ஏடுகளுள் ஒன்று, 1893ஆம் ஆண்டில் நம் சென்னை மாநகரில் அச்சேறியது. அதனை எழுதிய இந்தியரை ஜெர்மனியின் கணிதப் பேரறிஞர் அறிந்திருந்தார். அமெரிக்கப் பேராசிரியர்கள் அறிந்திருந்தனர். நாம்தாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

அந்த நூலிடம் நான் சென்று சேர்ந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரூருக்கு மேற்கே, நொய்யலாற்று வாய்க்கால் பாயும் சிற்றூர் ஒன்றில் என் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி பலசரக்குக் கடை வைத்திருந்தார். பழைய செய்தித்தாளில் மிளகும் சீரகமும் பொட்டலம் கட்டிக் கட்டி, அவருடைய விரல்களுக்குக் காகிதத்தின் இயல்பு நன்கு பழகிப்போயிருந்தது. கடையில் கூட்டம் இல்லாத பிற்பகல்களில் எனக்காக அவர் தாள் மடிப்பார். அவர் அறிந்தவை மூன்றே: கப்பல், நாய்முகம், அன்னம். கப்பலை மழைக்கால வாய்க்காலில் விடுவோம். நாய்முகம் நொடியில் முடிந்துவிடும். தாளைக் குறுக்கே மடித்து முக்கோணமாக்கி, இரு முனைகளையும் காதுகளாகக் கீழே இறக்கினால் தீர்ந்தது. அன்னம் மட்டும் எனக்கு எளிதில் கைவரவில்லை. நான் மடித்த அன்னம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். அதைக் கண்டு அப்பிச்சி சொல்வார்: "ஓரம் ஓரத்தோட சேரோணும் கண்ணு, அப்பத்தான் அன்னம் நிமிர்ந்து நிக்கும்."

அந்தச் சொல்லை அன்று கைத்தொழில் நுட்பம் என்றே எண்ணினேன். அது வடிவ கணிதத்தின் அடிப்படை உண்மை என்பதை அறியப் பல்லாண்டுகள் ஆயின.

இடையில் ஒன்று நிகழ்ந்தது. உயர்நிலைப் பள்ளியில் வடிவ கணித வகுப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோணத்தை இருசமக் கூறிட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் கவராயம் இல்லை. பெட்டி வாங்கித் தர வீட்டில் வசதியும் இல்லை. சும்மா இருந்த கைகள் மேசைக்கு அடியில் அன்னம் மடிக்கத் தொடங்கின. ஆசிரியர் கண்டார், அன்னத்தைப் பிடுங்கிக் கசக்கி எறிந்தார், கணிதம் கற்கும் நேரத்தில் காகிதம் மடிக்கிறாயே என்று கடிந்து, பெஞ்சின்மீது நிற்க வைத்தார். வகுப்பே சிரித்தது. கணிதம் எனக்கு வராது என்ற எண்ணம் அன்று என் நெஞ்சில் வேரூன்றியது. ஆசிரியரைக் குறைகூற நான் இதனைச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த நூலைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

பின்னாளில் கோவையில் கல்லூரி மாணவனாக இருந்தபோது, நூலகத்தில் மெல்லிய ஆங்கில நூல் ஒன்று கையில் அகப்பட்டது. 'காகித மடிப்பில் வடிவ கணிதப் பயிற்சிகள்' என்பது அதன் பெயரின் பொருள். ஆசிரியர் பெயர் சுந்தர ராவ் என்றிருந்தது. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த மறுபதிப்பு அது. நின்றபடியே சில பக்கங்களைப் படித்தேன். என்னைப் பெஞ்சின்மீது ஏற்றிய குற்றம் அங்கே பாடமாக அச்சிடப்பட்டிருந்தது!

மாணவர்களே, மடிக்கும் கலையைக் காகிதம் பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது. காகிதம் காணாத நாளிலும் நம்மவர் மடித்தார்கள். பனை மரம் செழித்த கொங்கு நாட்டில், குருத்தோலையை மடித்தும் பின்னியும் கிளி செய்வதும், காற்றாடி செய்வதும், கிலுகிலுப்பை செய்வதும் சிறுவர்க்குப் பழகிய விளையாட்டுகள். வாழையிலையையும் மந்தாரையிலையையும் தொன்னையாக மடித்தார்கள். எனினும், ஓலைக்கு ஒரு குறை உண்டு. அது நரம்பின் போக்கிலேயே செவ்வையாக மடியும்; குறுக்கே மடித்தால் முறிந்துவிடும். எத்திசையில் மடித்தாலும் ஏற்று, அம்மடிப்பை மறவாமல் காத்துக்கொள்ளும் பொருள் காகிதமே. மடிப்புக் கலை முழுமை பெறுவதற்குக் காகிதம் வரவேண்டியிருந்தது.

சீன நாட்டில் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி கி.பி. 105ஆம் ஆண்டில் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசனிடம் அறிவித்தார் என்பது அந்நாட்டு மரபு. ஜப்பானியரின் பழைய வரலாற்று நூல், 610ஆம் ஆண்டில் கொரியாவிலிருந்து வந்த பௌத்தத் துறவி ஒருவர் காகிதம் செய்யும் திறம் வாய்ந்தவராக இருந்தார் என்று குறிக்கிறது. ஜப்பானில் காகித மடிப்பு முதலில் சடங்குகளிலும் பரிசுப் பொருள்களிலும் இடம்பெற்றுப் பின்னர்ப் பொழுதுபோக்காக மலர்ந்தது. கொக்குகளை மடிக்கும் வகைகளைக் கூறும் நூல் ஒன்று அங்கே 1797ஆம் ஆண்டில் வெளிவந்தது. மடித்தலையும் காகிதத்தையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து ஜப்பானியர் இக்கலையை ஓரிகாமி என்று வழங்குகின்றனர். உலகம் இன்று அப்பெயரையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மேலை நாடுகளிலும் தனியே ஒரு மடிப்பு மரபு வளர்ந்தது. ஸ்பெயின் நாட்டுச் சிறுவர் மடிக்கும் சிறு பறவை பெயர் பெற்றது. அந்நாட்டின் தத்துவ அறிஞர் மிகேல் தெ உனமூனோ அப்பறவைகளை மடிப்பதில் பெருவிருப்பம் கொண்டவர்.

தமிழகத்தில் நெடுங்காலம் எழுதும் பொருளாக ஓலையே இருந்தது. தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவிய பாதிரிமார், காகிதத் தட்டுப்பாட்டினால் 1715ஆம் ஆண்டில் அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றை அமைத்தனர். பள்ளிகளும் அலுவலகங்களும் பெருகிய 19ஆம் நூற்றாண்டில் காகிதம் பொதுமக்கள் கைக்கு வந்தது. கடைக்காரரின் பொட்டலமும் குழந்தையின் கப்பலும் அதன் பின்னே வந்தவை.

இனி நம் கதை ஜெர்மனிக்குச் செல்கிறது. அங்கே ஃபிரெடெரிக் ஃபிரோபெல் என்னும் கல்வியாளர் 1782 முதல் 1852 வரை வாழ்ந்தார். குழந்தை கேட்டு மட்டும் கற்பதில்லை, கையால் செய்து கற்கிறது என்பது அவர் கொள்கை. 1837ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி, பின்னர் அதற்குக் குழந்தைகளின் பூங்கா என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரை இட்டார். பந்து, உருளை, கனசதுரம் முதலியவற்றைக் குழந்தைகளுக்கு வரிசையாகக் கொடுத்தார். அவ்வரிசையில் காகித மடிப்பும் இடம்பெற்றது. ஒரே சதுரத் தாளிலிருந்து மூவகை உருவங்களை உண்டாக்கலாம் என்று அவருடைய முறை கூறிற்று: பறவை, படகு போன்ற வாழ்க்கை உருவங்கள், பூக்கோலம் போன்ற அழகு உருவங்கள், முக்கோணம், சதுரம் போன்ற அறிவு உருவங்கள். ஒரு தாளின் வயிற்றில் விளையாட்டும் கலையும் கணிதமும் உடன்பிறந்தவையாக உறங்குகின்றன என்பதே இதன் கருத்து. 1851ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசு இப்பள்ளிகளுக்குத் தடை விதித்தது. ஆயினும் அவருடைய கருத்துகள் கடல் கடந்தன. சென்னை மாகாணத்தையும் வந்தடைந்தன.

இங்கேதான் சுந்தர ராவ் தோன்றுகிறார். தண்டலம் சுந்தர ராவ் அரசாங்கத்தின் வருவாய்த் துறையில் பணியாற்றி டெபுடி கலெக்டர் பதவி வகித்தவர். நிலவரியும் ஜமாபந்தியும் சூழ்ந்த அந்த வாழ்வினிடையே கணிதத்தின்பால் அவருக்கிருந்த காதல் குன்றவில்லை. குழந்தைப் பள்ளிகளுக்காக விற்கப்பட்ட மடிப்புத்தாள் கட்டு ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. பல நிறங்களில் இருநூறு சதுரத் தாள்களும், மடித்து அழுத்த ஒரு கருவியும், விளக்கப் படங்களும் கொண்டது அது. தம் நூலுக்கு வித்திட்டது அதுவே என்று அவர் முன்னுரையிலேயே ஒளியாமல் கூறுகிறார். குழந்தைகள் பறவை மடித்த அதே தாளை எடுத்து, யூக்ளிடின் வடிவ கணிதத்தை அதில் எழுப்ப முடியுமா என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் விளைவாக, 1893ஆம் ஆண்டில் சென்னை அடிசன் நிறுவனத்தாரின் அச்சில் அந்நூல் வெளிவந்தது.

நூலின் போக்கு எளிமையானது. ஒழுங்கற்ற ஒரு தாளிலிருந்து சதுரம் செய்வதில் தொடங்குகிறது. அடுத்துச் சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று படிப்படியாக ஏறுகிறது. எண்களின் தொடர்களைத் தொட்டு, இறுதியில் கூம்பு வெட்டுகளையும் பிற வளைகோடுகளையும் எட்டுகிறது. கருவி என்று அவர் கேட்பவை பேனாக்கத்தி ஒன்றும், சம நீளங்களைக் குறித்துக்கொள்ளச் சில காகிதத் துண்டுகளுமே. பள்ளி கல்லூரிகளில் கணிதம் கற்பிக்கத் துணைசெய்வதோடு, இளையோர்க்கும் முதியோர்க்கும் செலவில்லாத கணித விளையாட்டாகவும் இது விளங்க வேண்டும் என்பதே அவர் கொண்ட நோக்கம். கவராயம் இல்லாமல் கைகட்டி அமர்ந்திருந்த மாணவனுக்கு இதனினும் ஆறுதலான நோக்கம் வேறென்ன இருக்க முடியும்?

கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள், கைக்கெட்டிய ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேனும் மடித்து நகத்தால் அழுத்துங்கள். ஒரு நேர்கோடு பிறந்துவிட்டது, அளவுகோல் தேவைப்படவில்லை. அந்தக் கோடு தன் மேலேயே பொருந்துமாறு மீண்டும் ஒருமுறை மடியுங்கள். இரண்டு மடிப்புகளும் கூடும் இடத்தில் நான்கு கோணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்கின்றன. பொருந்துவன சமம், ஆகவே ஒவ்வொன்றும் செங்கோணம். பாகைமானியும் தேவைப்படவில்லை.

இனிச் சதுரத் தாள் ஒன்றை இடம் வலமாகச் சரிபாதியாய் மடித்து விரியுங்கள். நடுவே ஒரு கோடு விழும். அடிப்பக்கத்தின் இடது மூலை அசையாதிருக்க, வலது மூலையைத் தூக்கி நடுக்கோட்டின்மேல் படும்படி வையுங்கள். அது படும் இடத்தைப் புள்ளியிட்டுக்கொள்ளுங்கள். அப்புள்ளியையும் அடிப்பக்கத்தின் இரு மூலைகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஏன்? தூக்கி வைத்தது அடிப்பக்கத்தையே. ஆதலால் இடது மூலையிலிருந்து புள்ளிக்குள்ள தொலைவு அடிப்பக்கத்தின் நீளமே. புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால் வலது மூலையிலிருந்தும் அதே தொலைவு. மூன்று பக்கங்களும் சமம். ஐயம் எழுந்தால் மடித்துப் பார்த்துத் தெளியலாம்.

இப்பொழுது அப்பிச்சியின் அன்னத்துக்கு வருவோம். சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து விரித்தால் மூலைவிட்டம் விழுகிறது. மூலையில் இருந்த 90 பாகைக் கோணம் இரண்டாகிறது. அம்மூலையின் இரு ஓரங்களையும் மூலைவிட்டத்தோடு சேர்த்து மடித்தால் முனை 45 பாகையாகக் கூர்மை பெறுகிறது. தாளைத் திருப்பி, மறுபடியும் இரு ஓரங்களையும் நடுக்கோட்டோடு சேர்த்தால் 22½ பாகை. அந்தக் கூர்முனையை மேலே தூக்கினால் கழுத்து. நுனியை முன்னே சாய்த்தால் அலகு. முழுவதையும் நீளவாக்கில் இரண்டாக மடித்தால் அன்னம். ஆசிரியர் கரும்பலகையில் கவராயத்தால் ஒரு கோணத்தைக் கூறிட்ட அதே வேளையில், என் கைகள் மேசைக்கு அடியில் கோணங்களை மீண்டும் மீண்டும் இருசமக் கூறிட்டுக்கொண்டிருந்தன! ஓரம் ஓரத்தோடு சேராவிட்டால் கூறுகள் சமமாக மாட்டா. கூறுகள் சமமாகாவிட்டால் அன்னம் சாயும். பொட்டலம் மடித்த முதியவர் சொன்னதும், ஒன்றோடொன்று பொருந்துவன சமம் என்று யூக்ளிட் வகுத்ததும் ஒன்றே.

சுந்தர ராவின் நூல் இங்கே பெரும் ஆரவாரத்தை எழுப்பவில்லை. ஆனால் அது எப்படியோ ஜெர்மனியைச் சென்றடைந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அக்காலத்துக் கணித மேதைகளுள் முன்வரிசையில் நின்றவர் பெலிக்ஸ் கிளைன். தொடக்க வடிவ கணிதத்தின் புகழ்பெற்ற வினாக்களைப் பற்றி 1895ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், காகித மடிப்பைப் பற்றிய குறிப்பு ஒன்று உண்டு. ஹெர்மன் வீனர் என்னும் ஜெர்மானியர் மடிப்பினால் ஒழுங்கான திண்ம வடிவங்களின் வலைப்படங்களைச் செய்து காட்டியதைக் கூறும் கிளைன், ஏறக்குறைய அதே காலத்தில் சென்னையைச் சேர்ந்த சுந்தர ராவ் இதனினும் விரிவாக இக்கருத்தை வளர்த்துச் சிறு நூலாக வெளியிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அக்குறிப்பைக் கண்ட அமெரிக்கப் பேராசிரியர்களான பீமனும் டேவிட் யூஜின் ஸ்மித்தும் நூலைத் தேடிப் பெற்றுத் திருத்தி, 1901ஆம் ஆண்டில் சிகாகோவில் பதிப்பித்தார்கள். கோட்டுப் படங்களுக்கு மாற்றாக, உண்மையாகவே மடித்த தாள்களின் புகைப்படங்களை அதில் சேர்த்தார்கள். நம் மாகாணத்து அரசு ஊழியர் ஒருவரின் ஓய்வு நேரச் சிந்தனை, எட்டு ஆண்டுகளில் உலகின் சொத்தாயிற்று.

அந்நூல் குறையற்றது என்று நான் கூறமாட்டேன். ஒரு கோணத்தை மூன்று சமக் கூறுகளாக்கும் வினாவுக்கு அதில் உள்ளது தோராயமான விடையே. கன மூலத்தை மடிப்பினால் பெறுதல் இயலாது என்ற எண்ணமும் அதில் தொனிக்கிறது. 1936ஆம் ஆண்டில் இத்தாலியப் பெண் கணித அறிஞர் மார்கரீட்டா பெலோக், ஒரே மடிப்பில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின்மேல் ஒருங்கே பொருத்துவதன் வாயிலாகக் கன மூலத்தையும் பெறலாம் என்று நிறுவினார். கவராயமும் அளவுகோலும் தீர்க்க இயலாத வினாவைக் காகிதம் தீர்த்துவிட்டது! கோணத்தை மூன்றாகக் கூறிடும் சரியான மடிப்பும் பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆகவே, அச்சான நூலைப் போற்றுங்கள். ஆனால் அதுவே எல்லை என்று நின்றுவிடாதீர்கள். சுந்தர ராவ் விட்ட இடத்திலிருந்து ஒருவர் தொடர்ந்தார்; பெலோக் விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடரலாம்.

விலங்குகளை மடிக்கும் கலையும் இதற்கிடையே வளர்ந்தது. ஜப்பானியரான அகிரா யோஷிசாவா, 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மடிப்புகளைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறையை அமைத்தார். மொழி அறியாதவரும் படம் பார்த்து மடிக்க அது வழிசெய்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது இரண்டு வயதினளாக இருந்த சடாகோ சசாகி என்னும் சிறுமி, கதிர்வீச்சின் விளைவான இரத்தப் புற்றுநோயுற்று மருத்துவமனையில் கிடந்தவாறு, பிழைக்கும் வேட்கையோடு காகிதக் கொக்குகளை மடித்தாள். 1955ஆம் ஆண்டில் மறைந்தாள். 1958ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சின்னத்தின் உச்சியில் கையில் கொக்கேந்தி நிற்கும் சிறுமியின் சிலை, காகிதப் பறவையை உலக அமைதியின் அடையாளமாக்கியது. ஜப்பானிய அறிஞர் கோர்யோ மியூரா வகுத்த மடிப்பு முறை, 1995ஆம் ஆண்டில் விண்ணில் ஏவப்பட்ட கலமொன்றில் சூரியப் பலகையைச் சுருக்கி விரிக்கப் பயன்பட்டது.

நம் கொங்கு நாட்டுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். காகிதமே நம் பங்கு. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரி ஓரத்துப் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. கரூரை அடுத்த புகளூர்ப் பகுதியில், 1979ஆம் ஆண்டில் அரசு நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலையை 1984ஆம் ஆண்டில் இயக்கத் தொடங்கியது. அவ்வூருக்குக் காகிதபுரம் என்றே பெயர். உங்கள் கையிலுள்ள தாள், நம் உழவர் வெட்டிய கரும்பின் சக்கையாக ஒருகால் இருந்திருக்கலாம். தாள் இருக்கிறது, விரல்கள் இருக்கின்றன, எந்திரமும் நூற்பாலையும் கண்ட கோவை மண்ணில் செய்து பார்க்கும் ஆர்வத்துக்கும் குறைவில்லை. குறைவாயிருப்பது ஒன்றே: விளையாட்டையும் கல்வியையும் வேறு வேறு அறைகளில் பூட்டி வைக்கும் வழக்கத்தை விட்டொழிக்கும் துணிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளியில் பேசச் சென்றிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு சிறுமி குனிந்து எதையோ மறைத்தாள். அருகே சென்று பார்த்தேன், காகிதத் தவளை. முகம் வெளிறி எழுந்து நின்றாள். அதை வாங்கி மெல்ல விரித்து, விழுந்திருந்த மடிப்புக் கோடுகளைக் காட்டி, இதில் எத்தனை செங்கோணங்கள் இருக்கின்றன, எண்ணிச் சொல் அம்மா என்று கேட்டேன். அவள் எண்ணத் தொடங்கினாள். அடுத்திருந்தவர்களும் தலைநீட்டி எண்ணினார்கள். விடையில் வழக்கு எழுந்தது. வழக்கைத் தீர்க்க ஆளுக்கொரு தாளை மடித்தார்கள். அந்த மணிநேரம் முழுவதும் நான் ஆயத்தம் செய்து சென்ற சொற்பொழிவுக்கு வேலையில்லாமல் போயிற்று. அதற்காக நான் வருந்தவில்லை.

மாணவர்களே, இன்று இரவு உறங்குமுன் ஒரு தாளை மடியுங்கள். அன்னமோ தவளையோ, உங்கள் விருப்பம். மடித்து மகிழ்ந்தபின் அதனை விரித்து, உள்ளே விழுந்திருக்கும் கோடுகளை உற்றுப் பாருங்கள். எந்தக் கோணம் எந்தக் கோணத்துக்குச் சமம், ஏன் சமம் என்று உங்களையே கேளுங்கள். அப்பொழுது சுந்தர ராவ் என்னும் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் ஓரத்தோடு சேரட்டும். அன்னம் நிமிர்ந்து நிற்கும்.